குளத்தில் நீலப்பச்சைப் பாசி ஏடு கட்டினால்: டெல்டா மீன் வளர்ப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சித்திரை, வைகாசியில் குளத்து மீன் செத்து மிதந்தால் ஊரில் முதலில் கிளம்பும் பேச்சு ஒன்றுதான்: "எவனோ மருந்து கலந்துட்டான்." குத்தகைப் போட்டி, பங்காளித் தகராறு என்று காரணங்களும் தயாராக இருக்கும். சில இடங்களில் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பல குளங்களில் அந்த மருந்து தண்ணீருக்குள்ளேயே விளைந்திருக்கும். அதற்கு எரு, நாம் அள்ளிப் போட்ட சாணமும் தீவனமும், வயலிலிருந்து வடிந்து வந்த டிஏபியும்தான்.

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் பண்ணைக்குட்டையிலோ குத்தகைக் குளத்திலோ கட்லா, ரோகு, மிர்கால் விட்டு வளர்ப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாசியைப் பார்த்த பதற்றத்தில் அதை ஒரே நாளில் கொல்லப் பார்க்காதீர்கள். பாசி உயிரோடு இருக்கும்போது செய்யும் கேடு ஒரு பங்கு என்றால், மொத்தமாகச் சாகும்போது செய்யும் கேடு பல பங்கு. கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

படி 1: அது நீலப்பச்சைப் பாசிதானா என்று பாருங்கள்

தண்ணீர் பச்சையாக இருப்பதெல்லாம் கெடுதல் இல்லை. மீன் குளத்தில் இளம்பச்சை வேண்டும். அந்தப் பச்சையைத் தின்றுதான் விலங்கு நுண்ணுயிர்கள் பெருகும், அவற்றைத் தின்றுதான் கட்லா வளரும். கையைத் தண்ணீருக்குள் நேராக விட்டுப் பாருங்கள். முழங்கை மூழ்கும் ஆழத்தில், அதாவது 30 முதல் 40 சென்டிமீட்டரில், உள்ளங்கை மறைந்தால் நல்ல நிலை. மணிக்கட்டைத் தாண்டியதுமே மறைந்துவிட்டால் கவனிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

நீலப்பச்சைப் பாசி உண்மையில் பாசியே இல்லை, ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. சயனோபாக்டீரியா என்பது அதன் பெயர். நம் குளங்களில் அதிகம் தொல்லை தருவது மைக்ரோசிஸ்டிஸ் என்ற வகை. அதன் உடலுக்குள் காற்றுப்பைகள் உண்டு. அதனால் காற்று அடங்கிய காலை வேளையில் மேலே மிதந்து வந்து, பச்சைப் பெயின்ட்டைக் கொட்டியது போல ஏடு கட்டும். காற்று வீசினால் ஒரு கரையில் போய் ஒதுங்கும். எனவே மதகடியில் மட்டும் நின்று பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். காற்று போய் முட்டுகிற கரை வரை நடந்து பாருங்கள்.

சந்தேகம் இருந்தால் இரண்டு சோதனைகள். முதலாவது குச்சிச் சோதனை. ஒரு குச்சியை விட்டு எடுங்கள். முடிபோல நூல் நூலாகத் தொங்கினால் அது நூல்பாசி, வேறு வகை. குச்சியில் பச்சையாகப் பூசிக்கொண்டு வந்தால் நீலப்பச்சையாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டாவது பாட்டில் சோதனை. கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் பங்கு குளத்துத் தண்ணீர் பிடித்து, மூடி, ஆட்டாமல் ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் பச்சை மேலே திரண்டிருந்தால் நீலப்பச்சை, அடியில் படிந்திருந்தால் சாதாரணப் பச்சைப்பாசி. பாட்டிலில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள், வீட்டில் யாராவது தெரியாமல் எடுத்துவிடப் போகிறார்கள். இந்தச் சோதனைகள் வகையைத்தான் காட்டும். நஞ்சு இருக்கிறதா என்று காட்டாது. ஒரே மைக்ரோசிஸ்டிஸில் நஞ்சு உண்டாக்குவதும் உண்டு, உண்டாக்காததும் உண்டு, கண்ணால் பிரிக்க முடியாது. எனவே ஏடு கட்டினாலே நஞ்சு இருப்பதாக வைத்துக்கொண்டு நடப்பதுதான் பாதுகாப்பு.

காலையில் பச்சையாகவும் வெயில் ஏற ஏறச் செம்பழுப்பாகவும் மாறும் படலம் யூக்ளினா என்ற வேறொரு நுண்ணுயிராக இருக்கலாம். அசோலா என்ற மிதக்கும் செடியைக் கையில் எடுத்தால் குட்டிக் குட்டி இலை தெரியும். இவை இரண்டும் வேறு கதை.

டெல்டாவில் ஒரு குழப்பம் வரும். வேளாண்மைத் துறை நெல்வயலுக்கு உயிர் உரமாகச் சொல்லும் நீலப்பச்சைப் பாசி நல்லதாயிற்றே, குளத்தில் வந்தால் மட்டும் எப்படிக் கெடுதல் என்று கேட்பார்கள். வயலுக்குப் போடுவது காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குத் தரும் நாஸ்டாக், அனாபீனா போன்ற தேர்ந்த வகைகள். மைக்ரோசிஸ்டிஸுக்கு அந்த வேலையே தெரியாது. குடும்பம் ஒன்று, குணம் வேறு.

படி 2: மீனுக்கு என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

இதைப் படிக்காமல் தாண்டிப் போனால் பின்னால் சொல்லும் வேலைகளில் பாதி வீண்வேலை போலத் தெரியும்.

கேடு மூன்று வழியில் வருகிறது. முதல் வழி மூச்சு. பகலில் பாசி ஆக்சிஜன் விடும், ராத்திரி அதே பாசி ஆக்சிஜனை இழுக்கும். கெட்டியான ஏடு உள்ள குளத்தில் மதியம் ஆக்சிஜன் தேவைக்கு மேல் இருக்கும், விடியற்காலை 4 மணிக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே இருக்காது. கெண்டை இனங்களுக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் நிம்மதி. 3க்குக் கீழே போனால் திணறும், 2க்குக் கீழே நீடித்தால் சாகும். இதில் மிக ஆபத்தான நாள், மேகம் மூடி, காற்றே இல்லாமல் புழுங்குகிற நாள். பகலில் சேமிப்பு இல்லை, ராத்திரி செலவு மட்டும் உண்டு.

இரண்டாவது அம்மோனியா. பாசி பகலில் தண்ணீரிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால், தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் பி.எச் அளவு 9ஐத் தாண்டும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா 30 டிகிரித் தண்ணீரில் பி.எச் 7ல் இருக்கும்போது நூற்றுக்கு ஒரு பங்குகூட நஞ்சு வடிவத்தில் இருக்காது. பி.எச் 8ல் அது 7 பங்கு ஆகும். 9ல் ஏறக்குறைய 45 பங்கு. அம்மோனியாவின் மொத்த அளவு கூடவே இல்லை, ஆனாலும் மீனின் செவுள் வெந்துபோகும். மதியம் 3 மணிக்கு மீன் துள்ளித் துடித்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

மூன்றாவதுதான் நேரடி நஞ்சு. மைக்ரோசிஸ்டிஸ் உண்டாக்குவது மைக்ரோசிஸ்டின். மீன் அதை அதிகமும் வாய்வழியாகவே எடுத்துக்கொள்கிறது, தீவனத்தோடும் பாசியோடும் சேர்ந்து குடலுக்குப் போகிறது. அங்கிருந்து, பித்த நீரை ஏற்றி இறக்கும் அதே வாசல் வழியாகக் கல்லீரல் செல்லுக்குள் நுழைகிறது. நுழைந்ததும் பாஸ்படேஸ் என்ற நொதிகளை முடக்குகிறது. செல்லைத் தாங்கி நிற்கும் சட்டகம் குலைகிறது, கல்லீரலுக்குள்ளேயே ரத்தம் கசிகிறது. அளவு அதிகமானால் மீன் ஓரிரு நாளில் சாகும். குறைவானால் சாகாது, ஆனால் தீவனம் எடுக்காது, வளராது, எதிர்ப்புச் சக்தி விழும். அப்புறம் புண் வரும், மீன்பேன் ஒட்டும். வளர்ப்பவர் பேனுக்கு மருந்து தேடிக்கொண்டிருப்பார், காரணம் தண்ணீரில் இருக்கும். மீன்குஞ்சும் முட்டையும் இன்னும் பலவீனம். முட்டை பொரிப்பது குறையும், பொரித்த குஞ்சு கோணலாக வரும். நாற்றங்கால் குளத்தில் ஏடு கட்டியிருந்தால் அதில் குஞ்சு விடவே கூடாது.

அனாபீனா வகைகளில் சில நரம்பைத் தாக்கும் அனாடாக்சினை உண்டாக்கும். அதில் மீன் நிலை தடுமாறிச் சுழன்று நீந்தும், செவுள் அசைவு நின்று மூச்சு முட்டிச் சாகும்.

இந்த நஞ்சில் பெரும்பகுதி பாசி உயிரோடு இருக்கும் வரை அதன் செல்லுக்குள்ளேதான் இருக்கும். செல் உடைந்தால்தான் மொத்தமும் தண்ணீரில் கலக்கும். செத்த பாசி அழுகும்போது மிச்ச ஆக்சிஜனும் போகும். மொத்தமாகக் கொல்லாதீர்கள் என்று மேலே சொன்னதன் காரணம் இதுதான்.

படி 3: மீன் செத்திருந்தால் காரணத்தைப் பிரித்துப் பாருங்கள்

போலீசுக்குப் போவதற்கு முன்னால் கரையில் ஒரு மணி நேரம் செலவழியுங்கள்.

எப்போது செத்தது? ராத்திரி சரியாக இருந்து விடியலில் மிதந்தால் மூச்சுத் திணறல்தான் முதல் சந்தேகம். அதில் பெரிய மீன்தான் முதலில் போகும், சின்ன மீன் ஓரத்தில் தப்பித்து நிற்கும். முந்தைய நாட்களில் விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளந்திருக்கும். செத்த மீனின் வாயும் செவுள் மூடியும் திறந்தே இருக்கும்.

விரால், பனையேறிக் கெண்டை என்ன ஆயிற்று? இவை காற்றை நேராகச் சுவாசிப்பவை. கட்லா செத்து விரால் பிழைத்திருந்தால் ஆக்சிஜன் குறைவு என்று கிட்டத்தட்ட முடிவே கட்டலாம். விரால், தவளை, தண்ணீர்ப் பூச்சி, இறால் எல்லாம் சேர்ந்து செத்திருந்தால், அதுவும் பட்டப்பகலில், பூச்சிக்கொல்லியாக இருக்கக்கூடும். யாரோ வேண்டுமென்றே கலந்ததாக இருக்க வேண்டியதில்லை. பக்கத்து வயலில் மருந்தடித்த மறுநாள் மழை பெய்து வடிகால் தண்ணீர் குளத்துக்குள் வந்திருந்தாலும் இப்படித்தான் தெரியும்.

பாசி நஞ்சில் சாவு கொஞ்சம் கொஞ்சமாக, பல நாளாக நடக்கும். மீன் மந்தமாக ஓரம் ஒதுங்கும், தீவனத்தைத் திரும்பிப் பார்க்காது. அப்போதுதான் செத்த மீன் ஒன்றை அறுத்துப் பாருங்கள். கல்லீரல் வீங்கி, வெளுத்தோ ரத்தத் திட்டாகவோ, தொட்டால் உதிர்வதாகவோ இருந்தால் சந்தேகம் வலுவாகும். உறுதி செய்ய ஆய்வகம்தான் வழி. நடைமுறையில் மூச்சுத் திணறலும் நஞ்சும் சேர்ந்தே வருவதும் உண்டு.

படி 4: முதல் நாள் செய்ய வேண்டியவை

தீவனத்தை நிறுத்துங்கள். தவிடு, பிண்ணாக்கு, குச்சித் தீவனம் எல்லாமே. சாணம், கோழி எரு, யூரியா, சூப்பர் பாஸ்பேட் எதுவும் உள்ளே போகக் கூடாது. மீன் இளைத்துவிடுமே என்று கவலைப்பட வேண்டாம், கெண்டை சில நாள் பட்டினியைத் தாங்கும்.

ராத்திரி காற்று கொடுங்கள். துடுப்புச் சக்கர ஏரேட்டர் இருந்தால் இரவு 10 மணிக்குப் போட்டு, வெயில் ஏறிய பிறகு நிறுத்துங்கள். இல்லையென்றால் டீசல் இன்ஜினால் குளத்துத் தண்ணீரையே இறைத்து, உயரத்திலிருந்து தகரத்தில் மோதிச் சிதறும்படி அதே குளத்தில் விடுங்கள். போர் தண்ணீர் விடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூமிக்கடியிலிருந்து வரும் தண்ணீரில் ஆக்சிஜன் இருக்காது, அதையும் சிதறடித்துத்தான் விட வேண்டும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் போரில் உப்பு ஏறியிருக்கும், நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு விடுங்கள்.

இழுவலை போடாதீர்கள். அடிச்சேறு கலங்கினால் இருக்கிற கொஞ்ச ஆக்சிஜனும் போய்விடும். செத்த மீனை உடனுக்குடன் அள்ளி, வாய்க்காலிலிருந்து விலகி ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

படி 5: கையில் எடுக்கவே கூடாதவை

மயில்துத்தம், அதாவது செம்பு சல்பேட். போர்டோ கலவைக்கு வாங்கி வைத்தது வீட்டில் இருக்கும், பாசியைக் கொல்லும் என்பதும் உண்மை. அதனால்தான் வேண்டாம் என்கிறேன். ஏடு கட்டிய குளத்தில் துத்தம் போட்டால் மறுநாள் தண்ணீர் தெளியும், அதற்கடுத்த நாள் மீன் மிதக்கும். தண்ணீரின் காரத்தன்மை லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் செம்பே மீனைக் கொன்றுவிடும். ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் 1979ல் குடிநீர் அணையில் பாசி பெருகியது, துத்தம் போட்டார்கள். அடுத்த சில நாட்களில் 148 பேர் கல்லீரல், சிறுநீரகப் பாதிப்போடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், பெரும்பாலும் குழந்தைகள். உடைந்த செல்களிலிருந்து வெளிவந்த நஞ்சுதான் காரணம் என்று பின்னால் கண்டார்கள்.

சுண்ணாம்பும் இந்த நேரத்தில் வேண்டாம். மீன் குளத்துக்குச் சுண்ணாம்பு நல்லது என்பது குளம் தயார் செய்யும்போது சரி. பி.எச் ஏற்கெனவே 9ல் நிற்கும்போது சுட்ட சுண்ணாம்பு போட்டால் அம்மோனியாவுக்குக் கதவைத் திறந்துவிட்டது மாதிரிதான் ஆகும்.

படி 6: மெதுவாகக் குறையுங்கள்

காலையில், காற்று கிளம்புவதற்கு முன், ஏடு ஒதுங்கிய கரையில் பழைய வேட்டியையோ கொசுவலைத் துணியையோ இரண்டு பேர் பிடித்து மேலாக அரித்து எடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தோலில் பட்டால் அரிக்கும். எடுத்ததைக் கரையிலேயே விட்டால் ஆடு மாடு வாய் வைக்கும், மழை வந்தால் குளத்துக்கே திரும்பும். குழி வெட்டி மூடுங்கள். கொஞ்சம்தான் குறைகிற மாதிரி இருக்கும், ஆனால் அந்த ஏட்டோடு பாஸ்பரசும் வெளியே போகிறது.

தண்ணீர் மாற்ற முடிந்தால் சிறிது சிறிதாக மாற்றுங்கள். ஜூன் 12ல் மேட்டூர் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வந்துவிடும், கடைமடைக்கு வர இன்னும் நாளாகும். வாய்க்காலில் முதலில் வரும் தண்ணீர் ஊர்ச் சாக்கடையையும் குப்பையையும் தள்ளிக்கொண்டு வரும். அதை வழிவிட்டு, தெளிந்த பிறகு மடையைத் திறங்கள். வெளியேற்றும் தண்ணீர் கீரைப் பாத்திக்கோ மாடு குடிக்கும் குட்டைக்கோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இலையில் படிந்த நஞ்சு கீரையோடு வீட்டுக்கு வரும்.

புல்கெண்டை விட்டால் பாசியைத் தின்றுவிடும் என்று பலர் சொல்வார்கள். அது தின்பது புல்லும் இலைதழையும்தான், அதன் எச்சம் பாசிக்கு உரமாகும். நுண்பாசியை வடிகட்டித் தின்பது வெள்ளிக்கெண்டை. சீனாவின் வூஹான் நகரிலுள்ள டோங்ஹூ ஏரியில் வெள்ளிக்கெண்டையும் பெருந்தலைக் கெண்டையும் அடர்த்தியாக விட்ட பிறகு, 1985ல் மைக்ரோசிஸ்டிஸ் ஏடு மறைந்தது. நம் குளத்தில் இதற்கு ஒரு விலை உண்டு. வெள்ளிக்கெண்டை கட்லாவின் தீவனத்துக்குப் போட்டி, சந்தையிலும் அதற்கு மவுசு குறைவு. எனவே ஆறு இனக் கூட்டு வளர்ப்பில் அதற்குரிய பங்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதையும் அடுத்த போகத்தில் முன்கூட்டியே விட வேண்டும், ஏடு கட்டிய பிறகு குஞ்சைக் கொண்டுபோய்க் கொட்டிப் பயனில்லை. திலேப்பியாவும் இந்தப் பாசியைச் செரிக்கும், ஆனால் அதை வளர்க்க அரசு அனுமதி வேண்டும்.

வைக்கோல் கட்டிப் போடும் யோசனையும் சிலர் சொல்வார்கள். வெளிநாடுகளில் பார்லி வைக்கோலில் செய்து பார்த்ததில் சில இடத்தில் பலன், சில இடத்தில் இல்லை. அது புதுப் பாசி வளர்வதைத்தான் தடுக்கப் பார்க்கும், இருப்பதைக் கொல்லாது. அதிகம் போட்டால் வைக்கோலே அழுகி ஆக்சிஜனைக் குடிக்கும். ஏடு கட்டிய குளத்தில் நான் இதைச் சொல்ல மாட்டேன்.

படி 7: சாப்பாடு, விற்பனை, கால்நடை

செத்து மிதந்ததைச் சாப்பிடவும் கூடாது, கருவாடு போடவும் கூடாது. மைக்ரோசிஸ்டின் கொதிக்க வைத்தாலும் அழியாது. குழம்பு எவ்வளவு கொதித்தாலும் சரி.

உயிரோடு பிடித்த மீனில் நஞ்சு அதிகம் சேர்வது குடலிலும் கல்லீரலிலும், அடுத்து சிறுநீரகத்தில். சதையில் குறைவு. பெரிய மீன் என்றால் குடல், ஈரல், சினை எல்லாவற்றையும் நீக்கி நன்றாகக் கழுவலாம். பிரச்சினை சின்ன மீனில்தான். கெண்டைப்பொடியைக் குடலோடு வறுத்துத் தின்பது நம் வழக்கம். ஏடு கட்டிய குளத்தில் பிடித்த பொடிமீனை அப்படித் தின்னாதீர்கள், பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் மனிதருக்குச் சொல்லும் தினசரி வரம்பு உடல் எடையில் கிலோவுக்கு 0.04 மைக்ரோகிராம். 50 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு 2 மைக்ரோகிராம்தான் வருகிறது. குடிநீருக்கு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம்.

மீனில் மண்வாடை அடித்தால் அது ஜியோஸ்மின் என்ற வேறு பொருள், நஞ்சில்லை. வாடை இல்லாததால் நஞ்சும் இல்லை என்றும் ஆகாது. விற்பதாக இருந்தால் ஏடு முற்றிலும் போன பிறகு சில வாரம் பொறுங்கள். அல்லது நல்ல தண்ணீருள்ள குளத்துக்கு மாற்றித் தீவனமில்லாமல் இரண்டு வாரம் வைத்துப் பிடியுங்கள். வாடையும் போகும், உடம்பிலுள்ள நஞ்சும் பெருமளவு குறையும்.

மாட்டை அந்தக் குளத்தில் குளிப்பாட்டாதீர்கள், குடிக்க விடாதீர்கள். அறுவடைக்குப் பின் வாத்து மேய்க்க வருபவர்களிடமும் சொல்லுங்கள். கரையோரம் ஒதுங்கிய ஏட்டைக் குடித்து மாடும் நாயும் செத்த செய்திகள் 1878லிருந்தே பதிவாகியிருக்கின்றன.

படி 8: ஆய்வுக்கு அனுப்புவது

நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது, மாவட்டத்தில் மீன்வளத் துறை அலுவலகம் இருக்கிறது. போன் செய்து கேட்டுக்கொண்டு போங்கள். ஏடும் தண்ணீரும் சேர ஒரு லிட்டர், சுத்தமான பாட்டிலில், வெயில் படாமல், ஐஸ் பெட்டியில். சாகும் நிலையிலுள்ள மீன் இரண்டு மூன்று, தனிப் பையில், ஐஸில். அழுகிய மீனை வைத்து யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. பிடித்த நேரம், விடியற்காலைத் தண்ணீர் நிலை, கடைசியாகப் போட்ட உரம், பக்கத்து வயலில் அடித்த மருந்து, இவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அவர்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

படி 9: அடுத்த கோடைக்கு முன்

இந்தத் தொல்லையின் வேர் அடிச்சேற்றில் இருக்கிறது. வருடக்கணக்கில் படிந்த கறுப்புச் சேறு பாஸ்பரஸ் கிடங்கு. அடியில் ஆக்சிஜன் இல்லாதபோது அது பாஸ்பரசைத் தண்ணீருக்கு விட்டுக்கொண்டே இருக்கும். பாசியும் அதே சேற்றில் படுத்துக் கிடந்து, வெயில் ஏறியதும் எழும். எனவே மீன் பிடித்து முடித்ததும் குளத்தை வற்றவிட்டு, தரை வெடிக்கும் வரை காயவிடுங்கள். மேல் சேற்றை வெட்டித் தென்னைக்குப் போடுங்கள், அங்கே அது நல்ல உரம். பொதுக்குளத்தில் வண்டல் எடுக்க அனுமதி வாங்க வேண்டும்.

சுண்ணாம்பு போட வேண்டிய நேரம் இதுதான், காய்ந்த தரையில். அடுத்து, வயல் வடிகால் நேராகக் குளத்தில் விழாமல் கரையைச் சுற்றி ஒரு சிறு வாய்க்கால் வெட்டித் திருப்பிவிடுங்கள். சாணத்தை மூட்டையாகக் கட்டி ஊறப்போட்டால், தண்ணீர் பச்சை கூடும்போது வெளியே தூக்கிவிடலாம், கரைத்து ஊற்றினால் முடியாது. தீவனத்தைத் தட்டில் வைத்துக் கட்டித் தொங்கவிடுங்கள். இரண்டு மணி நேரத்தில் மிச்சம் இருந்தால் மறுநாள் குறையுங்கள். மாசியிலிருந்து வாரம் ஒருமுறை முழங்கை சோதனை செய்து ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அளவு 25 சென்டிமீட்டருக்கு இறங்கிய அன்றே சாண மூட்டையைத் தூக்குங்கள், தீவனத்தைப் பாதியாக்குங்கள். அந்தக் கட்டத்தில் இதற்குச் செலவு எதுவும் இல்லை.